எண்பது ஜிபியில் என் பங்கு

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கடை இரண்டுபட்டதில் கொண்டாட்டம் தாய்மாமாவுக்கு. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியதிலிருந்து அவர் வாரம் தவறாமல் வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு நடுவில் ப்ளைவுட் தடுப்பு எழும்பியது. ஏணியும் டிரில்லிங் மிஷினும் தம்பிக்குப் போயின. கண்ணாடி மேஜையும் டெலிபோனும் அண்ணனுக்கு வந்தன. ஸ்டிக்கர் ரோல்களை நிறம் நிறமாக எண்ணிப் பிரித்தார்கள். ஒற்றையாக மிஞ்சிய ஊதா ரோலை ரம்பத்தை வைத்து நடுவில் அறுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பாதி அகல ரோலை எங்கள் மிஷின் இழுக்காது. சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்களுடையது பெயர்ப்பலகைக் கடை. அப்பா ஆரம்பித்தது. அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பான். தெருவில் அவனுக்குக் கல்லா என்று பெயர். தம்பி பலகைகளை ஏறி மாட்டுகிறவன். அவனை ஏணி என்பார்கள். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நான். கடை மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்து வரைகிறவள். என்னை எல்லோரும் கம்ப்யூட்டரக்கா என்பார்கள். அந்தப் பெயரை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் வரையும் எழுத்தை ஸ்டிக்கரில் வெட்டித் தருவதற்கு ஒரு மிஷின் இருக்கிறது. அதன் கேபிளை மாட்டுவதற்குக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் அகலமான ஒரு சாக்கெட் வேண்டும். இப்போது வருகிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அது கிடையாது. அதனால்தான் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்து, தட்டி, திட்டி, இத்தனை வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆக, மிஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, சொந்தக்காரர்கள் இரண்டு பேர். எல்லாவற்றையும் பிரித்த மாமா இதில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்.

வழி கண்டுபிடித்தது தம்பி. எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருந்தான்.

“ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் போடலாமாம் மாமா. ஆன் பண்ணா எது வேணும்னு கேக்குமாம். காலையில அவரு அவரோடதைத் தொறந்துக்கட்டும். மதியத்துக்கு மேல நான் என்னோடதைத் தொறந்துக்கறேன். அவரு ஆர்டரை நான் பாக்க முடியாது, என் ஆர்டரை அவரு பாக்க முடியாது.”

“அதுக்கு ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாலே போதுமேடா,” என்றேன்.

“அது ஒரே வீட்டுல ரெண்டு ரூம் மாதிரிக்கா. எனக்குத் தனி வீடு வேணும்.”

அண்ணன் அவனிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றான். ஆனால் என்னைப் பார்த்துப் பேசினான். “அவன்கிட்ட சொல்லு. இப்ப இருக்கற விண்டோஸ் எனக்கு. அவன் எந்தக் குப்பையை வேணாலும் போட்டுக்கட்டும்.”

“அவருகிட்ட சொல்லுக்கா. எனக்குப் பழசு வேணாம். லினக்ஸ்னு ஒண்ணு ஓசியிலயே கிடைக்குதாம்.”

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அப்பா போன பிறகு நான் பார்த்த முதல் உத்தியோகம் மத்தளம்தான். ஒருவன் சொன்னதை அப்படியே திருப்பி மற்றவனிடம் சொல்ல வேண்டும். அவன் காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்கிற வரை காத்திருந்துவிட்டுத்தான் கோபித்துக்கொள்வான்.

“சரி, இதை யாரு பண்றது?” என்று மாமா கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் வேறு பதில் இருந்ததே இல்லை.

கடை விடுமுறை நாளில் காலையிலேயே உட்கார்ந்தோம். என் இடது தோளுக்குப் பக்கத்தில் அண்ணன், வலது தோளுக்குப் பக்கத்தில் தம்பி, பின்னால் மாமா. அணைக்கட்டுத் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் மாதிரி ஒரு முகபாவம். நான் முதலில் என் பென் டிரைவை எடுத்துச் சொருகப் போனேன். மாமாவின் கை குறுக்கே வந்தது.

“அது என்னம்மா?”

“முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கணும் மாமா. டிஸ்க்கைப் பிரிக்கும்போது எதாவது ஆச்சுன்னா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்.”

“காப்பி எடுத்தா, அது யாருகிட்ட இருக்கும்?” என்றான் அண்ணன்.

“அதானே,” என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் சந்தேகப்படுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். மாமா பென் டிரைவை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டார். “பங்கு பிரிச்சு முடியற வரைக்கும் கடையிலேருந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது. யாருக்கும் மனசு சங்கடம் வரக் கூடாது பாரு.”

“நடுவுல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க மாமா?”

“நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமா பேசாதம்மா.”

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். உள்ளே இருந்தவை என் எழுத்துகள். கடையில் கிடைக்கிற எழுத்துருக்கள் காகிதத்துக்குச் சரி, கத்திக்குச் சரிவராது. ‘ண’வின் சுழிகளும் ‘ஐ’யின் கழுத்தும் முடி மாதிரி மெலிந்திருக்கும். வெட்டியபின் வேண்டாத ஸ்டிக்கரை ஊசியால் கிள்ளி எடுக்கும்போது அந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து பிய்ந்து வரும். அதற்காக ஒவ்வொரு எழுத்தையும் நானே புதிதாக வரைந்தேன். இடுக்குகளை அகலப்படுத்தினேன். கூர்முனைகளை மழுக்கினேன். ‘ணு’ மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் என் உயிரை வாங்கியது. மருந்துக்கடைக்கு ஒரு வகை, ரொட்டிக்கடைக்கு ஒரு வகை, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு வகை. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரு முழுக்க என் கையெழுத்துதான் எதிரே வரும். எங்கள் கடைக்கு ஆள் வருவது அண்ணனின் வாய்ஜாலத்துக்காக அல்ல. எங்கள் எழுத்து வெயிலிலும் உரியாது என்பதற்காக.

லினக்ஸ் சிடியைப் போட்டு, அதிலேயே இருந்த டிஸ்க்கைப் பிரிக்கிற புரோகிராமைத் திறந்தேன். திரையில் நீளமாக ஒரு பட்டை வந்தது. இதுதான் டிஸ்க் என்று காட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

“எண்பது ஜிபின்னுதானே அதோட மூடியில போட்டிருக்கு. இங்க எழுபத்து நாலுன்னு இருக்கு?”

“அது அப்படித்தான்ணா. செஞ்சவன் ஒரு மாதிரி எண்றான், கம்ப்யூட்டர் ஒரு மாதிரி எண்ணுது. எந்த டிஸ்க்கும் போட்டிருக்கறதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும்.”

“மிச்சம் ஆறு எங்க போச்சு?”

“எங்கயும் போகல.”

“போன மாசம் அவன் தனியா உக்காந்திருந்தான். என்ன எடுத்தான்னு கேளு.”

தம்பி துள்ளி எழுந்தான். “கடைச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளுக்கா. ராத்திரி பூட்டறது யாருன்னு கேளு.”

ஜிபியைத் திருடி மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். செய்தவன் எண்ணுகிற ஆயிரத்தையும் கம்ப்யூட்டர் எண்ணுகிற ஆயிரத்து இருபத்து நாலையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை யாரும் நம்பத் தயாராக இல்லை. கடைசியில் மாமா தொண்டையைக் கனைத்தார். காணாமல் போன ஆறில் ஆளுக்கு மூன்று நஷ்டம் என்று இருவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சண்டை, யார் பெயர் மேலே என்பதில். ஆன் செய்ததும் இரண்டு வரிகள் வரும், கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும் என்று விவரம் சொன்னது என் தப்பு.

“நான் மூத்தவன். என்னோடதுதான் மேல இருக்கணும்,” என்றான் அண்ணன்.

“அப்ப நான் ஆன் பண்ணிட்டு டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள அவரோடது தொறந்துக்கும். அப்புறம் என்னோடது என்ன, கொல்லைப்புறமா?”

“டீயைக் குடிச்சுட்டு வந்து ஆன் பண்ணச் சொல்லு.”

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு மாதம் அண்ணன் மேலே, அடுத்த மாதம் தம்பி மேலே என்று தீர்ப்பானது. மாதா மாதம் மாற்றி வைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்?

அப்போதுதான் மாமா அதைச் சொன்னார். போகிற போக்கில், டீ கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார். “உன் நேரத்தையும் பேசி முடிச்சுட்டோம்மா. காலையிலேருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீ அண்ணன் வேலையைப் பாரு. சாப்பிட்டு வந்து தம்பி வேலையைப் பாரு. ஒண்ணு மட்டும் கவனம். இந்தப் பக்கம் பாத்ததை அந்தப் பக்கம் வாயைத் தொறக்கக் கூடாது.”

ப்ளைவுட், ஏணி, டெலிபோன், ஸ்டிக்கர் ரோல், நான். எல்லாம் ஒரே மூச்சில் பிரித்து முடித்துவிட்டார்கள். அந்த ஊதா ரோலுக்காவது வெட்டு விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்து வாய்விட்டுச் சொன்னேன். என்னை வெட்டியபோது எனக்கே தெரியவில்லை.

“அப்ப என் பங்கு எது மாமா?”

“எதுல?”

“கடையில. இந்த டிஸ்க்குல. இதுக்குள்ள இருக்கற எழுத்துல.”

மாமா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் என்னை எரித்தது. “உனக்கெதுக்கும்மா தனியா? அவங்களுக்கு ஆளுக்குப் பாதிதான். நீ ரெண்டு பக்கமும் இருக்கே. உனக்கு முழுசும் கிடைக்குது.”

“உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறாரு, சம்பளம் வருது. உனக்கென்ன கொறைச்சல்?” என்றான் அண்ணன்.

நான் தம்பியைப் பார்த்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். அவன் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல், “அக்கா, அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இந்த வேலையை முடி,” என்றான்.

முடிக்கிறேன் என்று திரும்பினேன். ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பட்டையை இழுத்தேன். முதல் பாகம் இருபத்து நாலே சொச்சம். இரண்டாம் பாகமும் அதே. மூன்றாவதும் அதே. என் எழுத்துகள் இருந்த ஃபோல்டரை மூன்றாவதற்குப் போகும்படி வைத்துவிட்டு, சம்மதமா என்று அது கேட்டதற்குச் சம்மதம் என்று அழுத்தினேன். நான் எதையும் ஒளிக்கவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

“மூணாப் போட்டிருக்கேன். மேல அண்ணனுக்கு, நடுவுல தம்பிக்கு, கடைசியா எனக்கு. எழுத்து என் பாகத்துல இருக்கும். வேணுங்கறப்ப ரெண்டு பேரும் கேட்டு வாங்கிக்கலாம், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்ப ஓடுது. முடியற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. நடுவுல நின்னா மூணு பேருக்குமே ஒண்ணும் மிஞ்சாது.”

டிஸ்க் உள்ளுக்குள் கரகரத்தது. பட்டை மெல்ல நிறம் மாறிக்கொண்டு வந்தது. எல்லாம் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து புது இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. என் ‘ணு’வும் அதில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது, அத்தனை கோபத்துக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கேட்டது தப்பில்லை, எடுத்ததும் தப்பில்லை என்று பட்டது.

அண்ணன் எழுந்தான். திரையில் இருந்த மூன்று நிறங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். அவன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. என்னைத் திட்டப் போகிறான் என்று நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலாக, நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

“பாத்தியாடா இவளை?”

“பாத்தேன்ணா,” என்றான் தம்பி.

அப்பா காரியம் முடிந்த நாளிலிருந்து ஒருவனோடு ஒருவன் பேசாதவர்கள். பண்டிகைக்கும் பேசவில்லை, தம்பி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் பேசவில்லை. அதற்கெல்லாம் நான்தான் நடுவில் ஓடினேன்.

“நம்ம ரெண்டு பேர் சொத்துல மூணாவதா ஒரு ஆளு கை வைக்குதுடா. பிடுங்கு.”

“வேண்டாம்டா,” என்று நான் எழுவதற்குள் தம்பி குனிந்துவிட்டான். ஏணியில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, வேகம் அதிகம். சுவரிலிருந்து ப்ளக் வந்தது. கரகரப்பு நின்றது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் அவன் கையிலிருந்து ப்ளக்கை வாங்கி மறுபடி மாட்டினேன். இரண்டு முறை தவறியது. கம்ப்யூட்டர் உயிர் வந்ததுபோல் ஒரு சத்தம் போட்டது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்தது. திறப்பதற்கு உள்ளே எந்தச் சிஸ்டமும் இல்லை என்றது. சிடியிலிருந்து திறந்து பார்த்தேன். பட்டை இருந்த இடத்தில் பாகமும் இல்லை, பெயரும் இல்லை. பாதி வழியில் இருந்தவை பழைய இடத்திலும் இல்லை, புது இடத்திலும் இல்லை. என் பதினெட்டு வருஷம் அது.

“என்னம்மா காட்டுது?” என்றார் மாமா.

“ஒண்ணும் காட்டல மாமா. எல்லாம் போயிடுச்சு.”

அண்ணன் பெருமூச்சு விட்டான். “போகட்டும் விடு. இத்தனை தொல்லைக்கும் இதுதான் காரணம். ஏன்டா, நாம எதுக்குடா அடிச்சுக்கிட்டோம்?”

“நானும் அதைத்தான்ணா யோசிச்சேன். அந்தத் தடுப்பை எடுத்துடலாமா?”

“எடுத்துடு. கடை ஒண்ணாவே இருக்கட்டும்.”

இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தனை நாளாச்சு இதைப் பாத்து. எல்லாம் உன்னாலதான்மா. நீ நல்லா இருக்கணும்.”

“அக்கா,” என்றான் தம்பி, கொஞ்சலாக. “பழைய மாதிரியே ஒரே சிஸ்டமா போட்டுடு. நாளைக்குக் கடை தொறக்கணும்.”

“எழுத்து?”

“அது உனக்குத் தெரிஞ்சதுதானே. மறுபடி வரைஞ்சுக்கலாம்.”

அவனை ஓங்கி அறைய வேண்டும் என்று கை துடித்தது. அறையவில்லை. அழுகையும் வந்தது. அதை அவர்கள் முன்னால் விடக் கூடாது என்று அடக்கினேன். வரைந்துகொள்ளலாமாம். ஒரு ‘ணு’வை ஊசியால் கிள்ளி எடுத்துப் பார்த்திருப்பானா இவன்? அப்புறம் மெதுவாக ஒன்று புரிந்தது. அவன் சொன்னது முழு உண்மை. டிஸ்க்கில் இருந்தது போய்விட்டது. அதை வரைந்தவள் போகவில்லை. இந்த உலகத்தில் அவற்றைத் திரும்ப வரையத் தெரிந்த ஒரே ஆள் நான். இதற்குப் போய் அவர்களிடம் பங்கு கேட்டேன் பார்.

“வரையறேன்,” என்றேன். “எல்லாத்தையும் வரையறேன். ஆனா இங்க இல்லை.”

“கோவத்துல பேசாதம்மா,” என்றார் மாமா. “குடும்பம் இப்பத்தான் ஒண்ணு சேந்திருக்கு.”

“யாரோட குடும்பம் மாமா?”

நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அண்ணனின் குரல் கேட்டது.

“அவ வருவா, விடு. அதுவரைக்கும் நீ உக்காருடா.”

“எனக்கு எங்கண்ணா தெரியும். நீ உக்காரு.”

“எனக்கு மட்டும் தெரியுமா? நீ சின்னப் பையன், சீக்கிரம் கத்துக்குவே. உக்காரு.”

“இல்லண்ணா, மூத்தவன் நீதான். நீயே உக்காரு.”

அவ்வளவு மரியாதையாக அவர்கள் ஒருவனுக்கு ஒருவன் எதையும் விட்டுக்கொடுத்து நான் கேட்டதே இல்லை. என் நாற்காலியைத்தான் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருவில் இறங்கி நடந்தேன்.